திருகோணமலையில் சர்வதேசப் புவியியல் மாநாடு: எல்லோரும் உள்ளே வர என்ன செய்யலாம்?

#1 நிலாவெளிக்காரி

வணக்கம். நான் புவியியல் விரிவுரையாளர். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. அடுத்த வருடம் திருகோணமலையில் மூன்று நாள் சர்வதேச மாநாடு ஒன்றை நடத்த நாங்கள் ஏழு பேர் முயல்கிறோம். கருப்பொருள் கரையோரமும் மக்களும். 150 பேர் வரை எதிர்பார்க்கிறோம், பாதிப்பேர் வெளிநாட்டிலிருந்து வருவார்கள்.

இந்தக் கருப்பொருளுக்கு எங்கள் ஊரைப் போல ஓர் இடம் இல்லை என்பேன். 335 கிலோமீற்றர் ஓடி வருகிற மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலில் சேர்கிறது. அந்தக் குடாவிலேயே கடலடிப் பள்ளத்தாக்கும் தொடங்கிவிடுகிறது. 2004 சுனாமியைக் கண்ட கரை இது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊர்.

முதல் திட்டத்தை எழுதி முடித்த அன்று இரவு அதை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு எங்கட ஆக்கள் யார் வருவினம்?" என்று கேட்டார். நான் விரலை விட்டு எண்ணினேன். என்னிடம் படித்த பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. கடலைப் பற்றிப் பேச வேண்டிய ஆட்களுக்கு மொழி இடிக்கும். என் நண்பி ஒருத்தி சக்கரநாற்காலியில் இருக்கிறாள், நாங்கள் பார்த்து வைத்த மண்டபத்துக்குள் அவளால் தனியாக நுழைய முடியாது. திட்டத்தை மூடி வைத்துவிட்டேன்.

அதனால்தான் இங்கே வந்தேன். மொழி, கட்டணம், மண்டபம், திகதி. இந்த நான்கில் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை, எல்லாவற்றையும் மாற்றலாம்.

#2 கொட்டியாரத்தான்

மொழியில் தொடங்குங்கள் தங்கச்சி. நான் மூதூர்ப் பக்கம் 22 வருடமாக உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கரையோர அரிப்பைப் பற்றிய ஒருநாள் கருத்தரங்கு ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் படகும் வலையும் வைத்து மீன்பிடித் தொழில் நடத்துகிற சம்மாட்டி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அறுபது வயது தாண்டியவர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். திரையில் ஒரு வரைபடம் வந்தது. அவர் என் தோளைத் தட்டி, "அது எங்கட மீன்வாடி நிக்கிற இடமெல்லோ, என்ன சொல்லுறார்?" என்றார். நான் காதுக்குள் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், நிகழ்ச்சிநிரலைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் பேனையால் கீறத் தொடங்கினார். எந்தப் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே கிடக்கிறது, தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், கரைவலை இழுக்கிற இடம் எங்கிருந்து எங்கே சுருங்கியது, எல்லாம் அந்த ஒரு தாளில். பேச்சாளரின் படத்தில் இல்லாத இரண்டு பார்கள் அதில் இருந்தன. கேள்வி நேரம் வந்தது. ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னார்கள். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் விட்டது இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தமிழ் அமர்வு என்று பின்னால் ஒரு சின்ன அறையை ஒதுக்கித் தராதீர்கள். பெரிய மண்டபத்தில், பெரிய மைக்கில் தமிழில் பேச முடிய வேண்டும்.

#3 பனிக்காற்று

கொட்டியாரத்தான் சேர் சொல்வதைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. இருந்தாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நானும் திருகோணமலைதான், இப்போது ஐரோப்பாவில் ஆய்வு மாணவன்.

ஜப்பானிலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒருவர், கென்யாவிலிருந்து ஒருவர் வந்தால் மூவரும் சந்திக்கிற இடம் ஆங்கிலம்தான். அவர்களுக்கும் அது தாய்மொழி இல்லை. தமிழில் நடக்கிற அமர்வு அவர்களைத் தாண்டிப் போய்விடும், நம் ஆய்வாளர்களின் வேலையும் ஊருக்குள்ளேயே நின்றுவிடும். நல்ல தமிழ் ஆய்வுகள் அப்படிக் கவனிப்பாரில்லாமல் கிடப்பதைப் பார்த்த ஆள் நான்.

விசாவையும் மறக்காதீர்கள். எல்லா நாட்டவருக்கும் நம் நாட்டு அனுமதி ஒரே சுலபத்தில் கிடைப்பதில்லை. அழைப்புக் கடிதம் ஆறு மாதத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ கட்டுகிறோம், மறுத்தால் அந்தக் காசு திரும்பி வராது. என்னோடு படிக்கிற ஒருவர் மாநாட்டில் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகும் விசா மறுக்கப்பட்டு வீட்டிலிருந்தார். அந்த வலி தெரிந்த நாம் அதை இன்னொருவருக்குச் செய்யக் கூடாது.

#4 பழைய_அட்லஸ்

ஆங்கிலம் மட்டும் என்பது புவியியலில் எழுதி வைத்த சட்டம் இல்லை, தம்பி பனிக்காற்று. முதல் சர்வதேசப் புவியியல் மாநாடு 1871இல் ஆன்ட்வேர்ப்பில் நடந்தது. சர்வதேசப் புவியியல் ஒன்றியம் 1922இல் பிரசெல்ஸில் உருவானது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அதன் அலுவல் மொழிகள். இரண்டு மொழி ஓடலாம் என்றால் மூன்றும் ஓடலாம். செலவு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இந்தத் துறையின் கதவு யாருக்கு எப்போது திறந்தது என்பதையும் பாருங்கள். லண்டனின் அரச புவியியல் சங்கம் 1830இல் தொடங்கியது. 1892–93இல் 22 பெண்களை உறுப்பினராகச் சேர்த்தார்கள், உடனே எதிர்ப்புக் கிளம்பிக் கதவைச் சாத்தினார்கள். முறையாகத் திறக்க 1913 ஆகிவிட்டது. உலகத்தை அளக்கப் புறப்பட்ட சங்கத்துக்குப் பெண்களை உள்ளே விட 83 வருடம் எடுத்தது. அந்த நாட்களிலும் "இப்போது நேரமில்லை, வசதியில்லை" என்று சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் 1968இல் டெல்லியில் அந்தச் சர்வதேச மாநாடு நடந்திருக்கிறது. திருகோணமலையில் நடத்துவது பெரிய கனவு என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள்.

#5 இருமொழி

உரைபெயர்ப்பு என் தொழில் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

பேசப் பேசவே மொழிமாற்றிச் சொல்கிற சமகால உரைபெயர்ப்பை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. உரைபெயர்ப்பாளர் உட்காருகிற ஒரு கூண்டுக்கு இரண்டு பேர் வேண்டும், 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அதற்கு மேல் மூளை களைத்துப் பிழை வரும். உங்களுக்குத் தமிழ்–ஆங்கிலக் கூண்டு ஒன்று, சிங்களம்–ஆங்கிலக் கூண்டு ஒன்று, மொத்தம் நான்கு பேர். தமிழில் பேசுவதை முதலில் ஆங்கிலமாக்கி, அதைக் கேட்டு மற்றவர் சிங்களமாக்குவார். சில நொடி பிந்தும், அவ்வளவுதான். எல்லா அறைக்கும் தேவையில்லை. பெரிய மண்டபத்துக்கு மட்டும் செய்தால் செலவு கைக்குள் நிற்கும்.

காசைவிடப் பெரிய தலைவலி சொற்கள். மட்டக்களப்பில் களப்பு என்பதை யாழ்ப்பாணத்தில் கடல்நீரேரி என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் காயல் என்பார், உப்பங்கழி என்பார். நம் பாடப்புத்தகத்தில் முறைமை என்று வருவது அவர்களுக்கு அமைப்பு. பார் என்று மீனவர் சொல்வதை இளம் உரைபெயர்ப்பாளர் ஒருவர் பார்வை என்று எடுத்ததை நானே கேட்டிருக்கிறேன். ஆகவே பேச்சாளர்கள் உரையையும் படங்களையும் மூன்று வாரத்துக்கு முன் தர வேண்டும். அதோடு 200 சொற்களுக்கு ஒரு சொற்பட்டியல் செய்யுங்கள். கொட்டியாரத்தான் சேரின் சம்மாட்டியைப் போன்ற இரண்டு பேரை உட்கார வைத்துச் செய்தால் அந்தப் பட்டியலே ஒரு நல்ல ஆய்வாகிவிடும்.

மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். 15 நிமிடத்துக்குள் 40 படம் காட்டுகிற ஆளை எந்தக் கூண்டாலும் காப்பாற்ற முடியாது.

#6 கொட்டியாரத்தான்

சிங்களத்தைச் சேர்த்தது நல்லது. கந்தளாய், சேருவில பக்கத்து ஆசிரியர்களும் இதே மாவட்டத்து நிலத்தைத்தான் படிப்பிக்கிறார்கள். மூதூர் கிழக்கிலும் வெருகல் பக்கமும் இருக்கிற கரையோர வேடர் சமூகத்தையும் விட்டுவிடாதீர்கள். அவர்களைப் பற்றி யாரோ கட்டுரை வாசித்துவிட்டுப் போவது போதாது, அவர்களுக்கும் மைக் வேண்டும்.

மாநாட்டு வரைபடங்களில் இடப்பெயர்களையும் கவனியுங்கள். தமிழில் சொல்கிற தம்பலகாமம் என்று எழுதுவீர்களா, சிங்களத்தில் சொல்கிற தம்பலகமுவ என்று எழுதுவீர்களா? இரண்டையும் எழுதுங்கள். ஒரு பெயரை விட்டால் ஒரு பகுதி மக்கள் படத்திலிருந்தே போய்விடுகிறார்கள்.

#7 உவர்மலைவாசி

நான் 11 வருடமாகச் சக்கரநாற்காலியில் இருக்கிறேன். புவியியல் சிறப்புப் பட்டம் படித்தவன்.

மண்டபக்காரர்களிடம் "சாய்தளம் இருக்கிறதா" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நேரில் போய் அளந்து பாருங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் பதினெட்டு அங்குலம், சாய்தளம் பதினெட்டு அடி. நான் போன பல இடங்களில் அது ஆறு அடியில் முடிந்துவிடும். அதில் ஏறினால் நாற்காலி பின்னால் சாயும்.

ஒரு மண்டபத்தில் சாய்தளம் சமையலறைப் பக்கம் இருந்தது. அன்றைக்கு அரிசி கழுவிய தண்ணீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் சேர்ந்து என்னை நாற்காலியோடு தூக்கி முன்படியால் ஏற்றினார்கள். நல்ல பிள்ளைகள், அன்பாகத்தான் செய்தார்கள். எனக்கு அன்றைக்கு ஆய்வுக் கட்டுரை வாசிக்க இருந்தது. மேடைக்குப் போகும் வரை கை நடுங்கிக்கொண்டிருந்தது. மேடைக்கும் படி. கீழேயிருந்தே வாசித்தேன், ஒலிவாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் நின்றார்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் உரிமைகளைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. சட்டம் இருக்கிறது, சாய்தளம்தான் இல்லை.

கள ஆய்வுக்கு எல்லோரும் கோணேசர் கோயிலையும் புறாமலைத் தீவையும்தான் நினைப்பார்கள். கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏற்றம், பிறகு படி. வெறுங்காலோடு மதிய வெயிலில் அந்தக் கல்லில் நிற்பது நடக்கிறவர்களுக்கே கஷ்டம். புறாமலைக்குத் தண்ணீருக்குள் இறங்கித்தான் படகில் ஏற வேண்டும். நான் சொல்வது கிண்ணியாப் பாலம். 2009இல் திறந்தது, 396 மீற்றர். பஸ்ஸிலிருந்து இறங்கினால் சமதரை. ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரம். கரை கடக்கிற படகுப்பாதையில் காத்துக் கிடந்த காலத்தையும் பாலம் வந்த பிறகு மாறியதையும் அங்கேயே நின்று பேசலாம். யாரையும் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

#8 வரைகோல்

பார்வையைப் பற்றி ஒரு வரி. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் துறையின் வரைபடங்களில் பாதி சிவப்பும் பச்சையும்தான். நிறத்தோடு கோடு, புள்ளி என்று வேறுபாடும் போடச் சொல்லி விதியாகவே எழுதுங்கள். பேச்சாளர் "இங்கே பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் படத்தில் இருப்பதை வாயால் சொன்னால் பார்வையற்றவருக்கும் புரியும், கூண்டுக்குள் இருப்பவருக்கும் உதவும்.

#9 கிண்ணியா_உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஆசிரியை, இரண்டு சின்னப் பிள்ளைகள். தங்கச்சியின் கேள்வியில் திகதி என்று பார்த்தேன், அதையே முதலில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை 12 மணியிலிருந்து 2 மணி வரை எதையும் வைக்காதீர்கள். ஜும்மாவுக்குப் போகிறவர் முக்கியமான அமர்வைத் தவறவிட வேண்டி வரும். நோன்பு வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும், இந்த வருட நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பங்குனியில் கோணேசர் திருவிழா, சித்திரையில் வருடப்பிறப்பு, மாதா மாதம் பௌர்ணமிப் போயா விடுமுறை. ஐப்பசியிலிருந்து தை வரை வாடை மழை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் ஜூன், ஜூலைதான் மிஞ்சுகிறது. கச்சான் காற்று அடிக்கும், வெயில் சுடும், ஹோட்டல் விலையும் ஏறியிருக்கும். ஆனாலும் அதுதான் சரி. கள ஆய்வைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடியுங்கள்.

பிறகு பெண்கள். எல்லா மாநாட்டிலும் முக்கியமான பேச்சு இரவு விருந்தில்தான் நடக்கிறது. யார் யாரோடு சேர்ந்து அடுத்த ஆய்வு, யாருக்கு உதவித்தொகை, எல்லாம் அங்கேதான். அந்த நேரத்தில் நான் கிண்ணியா பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பேன். விருந்தை மதியத்துக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் மூதூர், கிண்ணியா, குச்சவெளி மூன்று பக்கமும் ஒவ்வொரு வான் ஒழுங்கு செய்யுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க ஓர் அறையும் நம்பிக்கையான இரண்டு ஆட்களும் இருந்தால் நான் மூன்று நாளும் வருவேன். தொழுகைக்கு ஓர் இடம், ஒழுச் செய்யத் தண்ணீர். சாப்பாடு ஹலாலும் சைவமும் வேறு வேறு பாத்திரத்தில், வேறு வேறு கரண்டியில். கரண்டியைச் சும்மா சொல்லவில்லை. சைவக்காரர் ஒருவர் மீன் கறிக் கரண்டியைப் பருப்புக்குள் பார்த்துவிட்டு மூன்று நாளும் பணிஸ் சாப்பிட்டதைக் கண்டிருக்கிறேன். கடைசியில் எங்கள் ஊர்த் தயிரை வையுங்கள், அது எல்லோருக்கும் பொது.

#10 கம்பஸ்_பிள்ளை

கட்டணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் மாணவி என்பதால் பேசுகிறேன். 250 டொலர் என்று போட்டால் ஒரு டொலர் 300 ரூபாப்படி 75,000 ரூபா. அது என் அப்பாவின் ஒரு மாத உழைப்புக்கு மேல்.

உலக வங்கியின் வருமானப் பிரிவை வைத்து நாட்டுக்கு நாடு கட்டணம் குறைப்பது இப்போது பல மாநாடுகளில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒரே நாட்டுக்குள் கொழும்பில் நிறுவனக் காசில் வருகிறவரும் நானும் ஒரே பிரிவுக்குள் விழுகிறோம். சம்பளமும் நிறுவன உதவியும் இருக்கிறவர் ஒரு தொகை, இல்லாதவர் இன்னொரு தொகை என்று அவரவரே சொல்லட்டும், சான்று கேட்காதீர்கள்.

இன்னொன்று. பயண உதவி தருகிறோம், பில்லைக் காட்டிப் பிறகு காசு எடுங்கள் என்பார்கள். முதலில் கொடுக்கக் காசு இருந்தால் உதவி எதற்கு? எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் கழித்துக் காசு வந்தது. அது வரைக்கும் அக்காவின் காப்பு அடகில் இருந்தது. தயவுசெய்து முன்பணமாகக் கொடுங்கள், றெயின் ரிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

#11 பனிக்காற்று

நிறையக் கற்றுக்கொண்டேன். பெரிய மண்டபத்துக்கு மட்டும் கூண்டு என்றால் என் எதிர்ப்பு முடிந்தது. தமிழில் பேசுகிறவரின் ஆய்வு ஆங்கிலத்திலும் பதிவாகும் என்பதுதான் எனக்கு வேண்டியது. சம்மாட்டியின் வரைபடம் போன்றவற்றையும் அவர் பெயரோடு, அவர் சம்மதத்தோடு வெளியிட வேண்டும்.

விசா கிடைக்காதவர்களுக்கு இணையவழி வேண்டும். 2020இல் இஸ்தான்புலில் நடக்க இருந்த சர்வதேசப் புவியியல் மாநாடு தள்ளிப்போய் 2021இல் முழுக்க இணையத்தில் நடந்தது. அப்படி நடத்தலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நேரத்தை மட்டும் கவனியுங்கள். நம் மாலை 6 மணி ஜூலையில் லண்டனில் மதியம் 1.30, நைரோபியில் 3.30, நியூயோர்க்கில் காலை 8.30, தோக்கியோவில் இரவு 9.30. எல்லோரும் விழித்திருக்கிற நேரம் அதுதான். இணையவழி அமர்வை அந்த நேரத்துக்கு வைத்து, உம்மா சொன்னபடி அந்த நாளின் மற்ற வேலைகளை முன்னால் முடித்துவிடுங்கள். மாலைக்குள் வீட்டுக்குப் போனவர்களும் போனில் சேரலாம். இங்கே இன்டர்நெட் அறுந்தால் போட்டுக் கேட்கப் பேச்சாளர்களிடம் ஒலிப்பதிவு ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். டேட்டா குறைந்தவர்களுக்கு வீடியோ இல்லாமல் ஒலி மட்டும் கேட்கிற இணைப்பும் வேண்டும்.

#12 நிலாவெளிக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஏழு பேரும் இருந்து பேசினோம். இரண்டு மணி நேரம் சண்டையும் பிடித்தோம்.

பெரிய மண்டபத்தில் மூன்று மொழி. நான்கு உரைபெயர்ப்பாளருக்கான காசை முதல் செலவாக எழுதிவிட்டோம். அதற்காக மாநாட்டுப் பையையும் நினைவுச்சின்னத்தையும் வெட்டினோம். மாவட்டத்து ஆசிரியர்கள், மாணவர்கள், மீனவர்களிடம் கட்டணம் இல்லை. பயண உதவி முன்பணமாகவே. கடைசி நாள் விருந்து மதியத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் அறைக்கு என் அம்மா பொறுப்பு, தானாகக் கேட்டு எடுத்துக்கொண்டார்.

சொற்பட்டியல் வேலை அடுத்த மாதம் மூதூரில் தொடங்கும். கொட்டியாரத்தான் சேர், அந்தச் சம்மாட்டி ஐயா இன்னும் இருக்கிறாரா? இருந்தால் முதல் நாள் முதல் அமர்வில் அவருக்கு அரை மணி நேரம் வைத்திருக்கிறோம். திரையில் படம் காட்டத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பெரிய தாளும் தடித்த பேனையும் வைப்போம்.

கள ஆய்வில்தான் இன்னும் இழுபறி. வெளிநாட்டவர் கோணேசர் கோயிலைப் பார்க்காமல் போக மாட்டார்கள் என்று மூன்று பேர் நிற்கிறார்கள். மாநாட்டின் கள ஆய்வு கிண்ணியாப் பாலம், கோயிலுக்கு விரும்பியவர்கள் வேறு நேரத்தில் தாங்களாகப் போகட்டும் என்பது என் நிலை. அடுத்த கூட்டத்திலும் அதையே சொல்வேன்.

மண்டபத்தை இன்னும் உறுதி செய்யவில்லை. இரண்டு இடம் பார்த்திருக்கிறோம், இரண்டிலும் சாய்தளம் இருக்கிறதாம். உவர்மலை அண்ணா, சனிக்கிழமை எங்களோடு வந்து பார்க்க முடியுமா? வாகனம் அனுப்புகிறேன். மேடையையும் ரொய்லெட்டையும் நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் முற்பணம் கட்டுவோம்.

#13 கொட்டியாரத்தான்

இருக்கிறார். இப்போது கடலுக்குப் போவதில்லை, மகன்மார் போகிறார்கள். நாளைக்கே போய்ச் சொல்கிறேன். தாளை இந்த முறை நானே வாங்கி வைப்பேன்.

#14 உவர்மலைவாசி

சனி காலை 9 மணிக்கு ஆயத்தமாக இருப்பேன் தங்கச்சி. அளவு நாடா என்னிடம் இருக்கிறது. முன்வாசலில் தொடங்குவோம்.